பூட்டியது ஒரு செடி! திறந்தது ஒரு கொடி!

நடுக்குவாத நோயின் மர்மம் துலங்கிய கதை

திருக்கோவிலூருக்குப் போனவர்கள் உலகளந்த பெருமாளைத் தரிசித்திருப்பார்கள். ஒரு காலை உயரத் தூக்கியபடி நிற்கும் நெடிய உருவம் அது. மூன்றே அடியில் உலகத்தை அளந்த கதையை அந்த ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும்.

அதே ஊரில், வாசற்படியைத் தாண்ட ஓர் அடி எடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும் பெரியவர்களும் உண்டு. திருக்கோவிலூரில் மட்டும் அல்ல. எல்லா ஊரிலும் உண்டு.

"என்ன தாத்தா, நடுவழியில் நின்றுவிட்டீர்களே!" என்று பேரன் கேட்பான்.

தாத்தாவுக்கு நடக்க ஆசைதான். ஆனால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல இருக்கிறது. மனம் "நட" என்கிறது. கால் கேட்க மறுக்கிறது.

இது பிடிவாதம் அல்ல. சோம்பலும் அல்ல. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடியதும் அல்ல. இது ஒரு வியாதி. மூளைக்குள், ஒரு விரல் நுனி அளவுகூட இல்லாத இடத்தில் உண்டாகும் கோளாறு.

இதைப் "பார்க்கின்சன் நோய்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நம் வைத்தியர்கள் "நடுக்குவாதம்" என்பார்கள். வடமொழி வைத்திய நூல்களில் "கம்பவாதம்" என்று பெயர்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்த கதையில் நம் நாட்டுத் தாவரங்கள் இரண்டு வருகின்றன. ஒன்று செடி. இன்னொன்று கொடி. சென்னைப் பட்டணமும் வருகிறது!

எப்படித் தெரிந்துகொள்வது?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ம் ஆண்டில் உலகத்தில் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. 25 ஆண்டுகளில் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிட்டது.

பெரும்பாலும் 60 வயதை ஒட்டி வருகிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சற்று அதிகம். சிறு வயதில் வருவதும் உண்டு. குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-ல் இந்த நோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 42. 1996-ல் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் ஜோதியை ஏற்றியபோது அவருடைய கை நடுங்கியதை உலகமே பார்த்தது.

நோய் ஒரு பக்கத்தில்தான் முதலில் தலைகாட்டும். ஒரு கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். கட்டைவிரலும் பக்கத்து விரலும், வைத்தியர் குளிகை உருட்டுவது போல ஒன்றோடொன்று உரசும். அந்தக் கையால் ஏதாவது ஒரு வேலை செய்யத் தொடங்கினால் நடுக்கம் குறைந்துவிடும். தூங்கும்போது நின்றுவிடும்.

காபி டம்ளரை வாயருகே கொண்டு போகும்போது மட்டும் கை நடுங்கினால்? அது பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. நடுக்கமே இல்லாமல் வருகிற பார்க்கின்சனும் உண்டு!

நடுக்கத்தைவிடப் பெரிய தொல்லை மந்தம். சட்டைப் பொத்தான் போடக் கால்மணி நேரம் ஆகும். கட்டிலில் புரண்டு படுக்க முடியாது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். குரல் தணிந்துவிடும்.

கையெழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருக்கிற எழுத்து, முடிவில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். பென்ஷன் வாங்கப் போகிறவரின் கையெழுத்து ஒத்து வராமல் போவது இதனாலும் இருக்கலாம்.

முகத்துத் தசைகள் இறுகிவிடுவதால் சிரிப்பும் கோபமும் முகத்தில் தெரியாது. "அப்பா முன்னைப் போல இல்லை. எதைச் சொன்னாலும் உம்மென்று இருக்கிறார்" என்று வீட்டில் குறைப்படுவார்கள். உள்ளுக்குள் அவர் சிரித்துக்கொண்டு இருக்கக் கூடும். அதைக் காட்ட முகம்தான் ஒத்துழைக்கவில்லை. இந்த நோய் குடும்பத்தில் உண்டாக்கும் மனஸ்தாபங்களில் பாதி இதனால்தான் என்று சொல்லலாம்.

கறுப்புக் கோடு

1817-ல் லண்டன் நகர டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அதில் ஆறே ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். சிலரைத் தெருவில் நடக்கும்போது பார்த்தே குறிப்பு எடுத்திருந்தார். அவருடைய வர்ணனை இன்றைக்கும் பொருந்துகிறது. பின்னாளில் ஷார்கோ என்ற பிரெஞ்சு டாக்டர், நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே வைத்தார்.

ஆனால் கோளாறு எங்கே என்பது தெரிய நூறு ஆண்டு பிடித்தது. 1919-ல் பாரிஸ் நகரில் ட்ரெட்டியாகாஃப் என்ற ஆராய்ச்சியாளர், இறந்துபோன நோயாளிகளின் மூளைகளை அறுத்துப் பார்த்தார்.

நம் மூளையின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும், கண்ணுக்கு மை தீட்டியது போலக் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். இந்த நோய் வந்தவர்களின் மூளையில் அந்தக் கறுப்பு வெளுத்துப் போயிருந்தது!

அந்தக் கறுப்புக் கோட்டில் இருப்பவை நரம்பு அணுக்கள். மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் உண்டு. அவற்றில் இந்தக் கறுப்பு அணுக்கள் சில லட்சம்தான். ஆனால் இவை செய்யும் வேலை பெரிது. "டோபமைன்" என்ற ரசாயனப் பொருளைச் சுரந்து, உடல் அசைவுகளைச் சீராக்கும் இடத்துக்கு அனுப்புகின்றன. டோபமைன் கிடைத்தால் அசைவு தங்கு தடையில்லாமல் நடக்கும். கிடைக்காவிட்டால் உடம்பு இறுகும், மந்தமாகும், நடுங்கும்.

கிணற்றில் பாதித் தண்ணீர் குறைகிற வரைக்கும், மேலே நின்று இறைக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இதுவும் அப்படித்தான். கறுப்பு அணுக்களில் சுமார் பாதி அழிந்த பிறகுதான் முதல் நடுக்கம் வெளியே தெரிகிறது. நோய் தொடங்கிப் பல வருஷங்கள் ஆன பிறகே நாம் டாக்டரிடம் போகிறோம்.

இவ்வளவும் இன்றைக்குத் தெரிகிறது. 1950-ல் யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமைனுக்குத் தனியாக ஒரு வேலை உண்டு என்றுகூட அப்போது யாரும் எண்ணவில்லை. இங்கேதான் நம் நாட்டுச் செடி வருகிறது.

முயலின் காது தொங்கியது!

சர்ப்பகந்தி என்று ஒரு செடி. அதன் வேரைப் பாம்புக் கடிக்கும் சித்தப்பிரமைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தார்கள். வட இந்தியாவில் அதற்குப் "பைத்திய மருந்து" என்றே பெயர்.

1931-ல் வங்காளத்து டாக்டர்கள் கணநாத் சென், கார்த்திக் போஸ் இருவரும், இந்த வேர் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், தம்முடைய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த விவரத்தை இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அதற்குப் பிறகு வெளிநாட்டார் கவனம் இதன் பக்கம் திரும்பியது. 1952-ல் சுவிட்சர்லாந்துக் கம்பெனி ஒன்றின் விஞ்ஞானிகள், வேரிலிருந்து "ரெசர்ப்பின்" என்ற சத்தைப் பிரித்தார்கள்.

ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் ரெசர்ப்பின் உலகமெங்கும் விற்பனை ஆயிற்று. ஆனால் ஒரு விசித்திரம்! அதை அதிக அளவில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கை நடுங்கியது. உடம்பு இறுகியது. பார்க்கின்சன் நோயாளியைப் போலவே ஆனார்கள். மருந்தை நிறுத்தினால் சரியாயிற்று.

ஏன் இப்படி? ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் இதை ஆராய்ந்தார்.

முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். அவை அசையாமல் ஒடுங்கிவிட்டன. விறைத்து நிற்க வேண்டிய காதுகள் தொங்கிப் போயின. பிறகு அவற்றின் ரத்தத்தில் "டோபா" என்ற பொருளைச் செலுத்தினார். கால்மணி நேரத்துக்குள் முயல்கள் எழுந்து ஓடின! இது நடந்தது 1957-ல்.

டோபா என்பது டோபமைனுக்கு மூலப்பொருள். உடம்பு அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும். ரெசர்ப்பின், மூளையில் இருந்த டோபமைனைக் காலி செய்துவிட்டது. டோபா அதைத் திரும்ப நிரப்பியது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் மூளையில் டோபமைனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதை உலகத்துக்கு முதன்முதலில் காட்டியது இந்த முயல்கள்தாம்.

1960-ல் லண்டனில் கூடிய விஞ்ஞானிகள் மாநாட்டில் பலர் கார்ல்சன் சொன்னதை நம்பவில்லை. 40 ஆண்டுகள் கழித்து, 2000-ம் ஆண்டில், அதே வேலைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இளஞ்சிவப்பு நிறம்

நம்பியவர்களும் இருந்தார்கள். வியன்னா நகரில் ஓலே ஹார்னிகீவிச் என்ற இளம் விஞ்ஞானி, பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளைகளைச் சேகரித்தார். வேறு காரணத்தால் இறந்தவர்களின் மூளைகளையும் சேகரித்தார். இரண்டிலும் ஒரே இடத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தார். டோபமைன் இருந்தால் சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு நிறம் தோன்ற வேண்டும்.

மற்றவர்களின் குழாயில் இளஞ்சிவப்பு பளிச்சென்று வந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் குழாயில் நிறமே ஏறவில்லை! எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணாலேயே பார்த்துவிட்டார். 1960-ல் இது அச்சாகி வெளிவந்தது.

இல்லாததைக் கொடுத்தால் என்ன?

டோபமைனைக் கொடுத்துப் பயன் இல்லை. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய ஒரு காவல் உண்டு. டோபமைனை அந்தக் காவல் உள்ளே விடாது. ஆனால் டோபாவை விடும். உள்ளே போனதும் டோபா டோபமைனாக மாறிக்கொள்ளும்.

1961 ஜூலை மாதம். வியன்னாவின் முதியோர் மருத்துவ நிலையத்தில் டாக்டர் வால்டர் பிர்க்மையர், நோயாளிகளுக்கு டோபா ஊசி போட்டார். படுக்கையில் எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவர்கள் எழுந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நடந்தார்கள். தணிந்த குரல் தெளிவாயிற்று. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அசந்து போனார்கள்.

சில மணி நேரம்தான். பிறகு பழைய நிலை திரும்பியது. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

2000-ம் ஆண்டு நோபல் பரிசில் ஹார்னிகீவிச்சின் பெயர் இல்லை. 200-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் அதைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நியாயமான கோபம் என்றுதான் தோன்றுகிறது.

சென்னையில் கிடைத்த டோபா

இப்போது கொடியின் கதைக்கு வருவோம்.

பூனைக்காலியைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலியிலும் புதரிலும் படர்ந்து கிடக்கும். காய் முழுவதும் பொன்னிறச் சுணை. தெரியாமல் தொட்டுவிட்டால் அரிப்புத் தாங்காது. பள்ளிக்கூடத்துப் போக்கிரிகள் பக்கத்துப் பையன் சட்டைக்குள் போட்டு வேடிக்கை பார்ப்பது இதைத்தான். அதன் விதை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். லேகியத்தில் சேர்ப்பார்கள்.

1937-ம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர் ரசாயன ஆராய்ச்சிக் கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் இந்த விதையை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து டோபாவைத் தனியே பிரித்து எடுத்தார்கள். இங்கிலாந்தின் உயிர் ரசாயனப் பத்திரிகையில் அது வெளியாயிற்று.

அதற்கு முன்பே, 1913-ல், சுவிட்சர்லாந்தில் மார்க்கஸ் குகன்ஹைம் என்பவர் ஒரு வகை அவரை விதையிலிருந்து டோபாவை எடுத்திருந்தார். அவர் தைரியசாலி. என்ன செய்கிறது பார்ப்போம் என்று இரண்டரை கிராம் டோபாவை வாயில் போட்டு விழுங்கினார். வாந்தி எடுத்து அவதிப்பட்டார். "இதனால் பெரிய உபயோகம் இல்லை" என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடம் பரவியது.

ஆக, கார்ல்சனின் முயல்கள் எழுந்து ஓடுவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, மருந்து சென்னையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் இருந்தது! அது எதற்கு மருந்து என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"நம்மவர்கள் கோட்டை விட்டுவிட்டார்கள்" என்று சிலர் சொல்லக் கூடும். அது சரியல்ல. பூட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாதபோது, சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பூட்டைக் காட்டியது சர்ப்பகந்தி. சாவி பூனைக்காலியில் இருந்தது. இரண்டும் நம் மண்ணில் முளைப்பவை. இரண்டையும் இணைத்துப் பார்க்க மூன்று கண்டத்துக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

கடைசி முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவில் வேலை பார்த்த கிரேக்க நாட்டு டாக்டர் ஜார்ஜ் கோட்சியாஸ். மற்றவர்கள் சிறிதளவு டோபா கொடுத்து, பலன் இல்லை என்று கைவிட்டார்கள். அதிகம் கொடுத்தால் வாந்தி. கோட்சியாஸ் மிகச் சிறிய அளவில் தொடங்கினார். வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். உடம்பு பழகிக்கொண்டது. 1967-ல் அவர் வெளியிட்ட முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

1970-களில் டோபாவோடு "கார்பிடோபா" என்ற துணை மருந்தும் சேர்ந்தது. டோபா மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே வழியில் மாறிவிடாமல் இது காக்கும். அதனால் மாத்திரையின் அளவு வெகுவாகக் குறைந்தது. குகன்ஹைமைப் படுத்திய வாந்தியும் குறைந்தது. இன்றைக்கும் டாக்டர்கள் முதலாவதாக நம்பும் மருந்து இந்த ஜோடிதான்.

மருந்து வருமுன் ஆபரேஷன்

மாத்திரை வருவதற்கு முன்பு கடுமையான நடுக்கத்துக்கு மூளை ஆபரேஷன்தான் வழி.

விழுப்புரம்-காட்பாடி ரயில் பாதையில் இருக்கும் திருக்கோவிலூர்க்காரர்களுக்கு வேலூர் அந்நியம் அல்ல. அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். மறு ஆண்டே சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இவர் சீர்காழியில் பிறந்தவர்.

சென்னையில் ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா ஆகிய மூவரும் 1960-களில் இந்த ஆபரேஷன்களில் பேர் பெற்றார்கள். மண்டையில் சிறு துளை இடுவார்கள். மில்லிமீட்டர் கணக்கில் அளவு பார்த்து ஊசியை உள்ளே செலுத்துவார்கள். தவறு செய்யும் அணுக்கூட்டத்தை மட்டும் அழிப்பார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார்! பேசிக்கொண்டே இருப்பார். நடுங்கிய கை, மேஜையில் இருக்கும்போதே நின்றுவிடும்.

டாக்டர் டி. எஸ். கனகா உலகத்தின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவர். 1962 சீன யுத்தத்தின்போது ராணுவத்தில் பணியாற்றியவர். 1968-ல் மூளை அறுவைச் சிகிச்சையில் பட்டம் பெற்றார். 1970-களிலேயே மூளைக்குள் மின்கம்பி பதிக்கும் சிகிச்சையைச் சென்னையில் செய்தவர். 2018-ல் காலமானார். நம் பெண் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர் இது.

1987-ல் பிரான்சு டாக்டர் பெனாபிட், அணுக்களை அழிக்காமல் மின்சாரத்தால் அடக்கிவைக்கும் முறையைப் பார்க்கின்சன் நடுக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூளைக்குள் மெல்லிய கம்பி. மார்புத் தோலுக்கு அடியில் ஒரு பாட்டரி. பல லட்சம் ரூபாய் செலவாகும். எல்லோருக்கும் பொருந்தாது. மாத்திரையால் பலன் பெற்று, பிறகு அது சரியாகப் பிடிக்காமல் போனவர்களுக்கே பெரும்பாலும் செய்கிறார்கள்.

பருப்பும் மாத்திரையும்

வீட்டில் நோயாளி இருப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிப்பது நல்லது.

டோபா மாத்திரை குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வாசல் ஒன்று உண்டு. பருப்பு, பால், முட்டை, மாமிசம் ஆகியவற்றின் புரதச் சத்தும் அதே வாசலில்தான் நுழைகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் கூட்டம்! மாத்திரைக்கு இடம் கிடைக்காது. "மாத்திரை போட்டும் பிடிக்கவில்லையே" என்று சிலர் வருந்துவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆகையால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாக மாத்திரை போடும்படி பல டாக்டர்கள் சொல்கிறார்கள். பருப்பையே நிறுத்திவிடக் கூடாது. உடம்பு இளைத்துப் போகும். நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு மரக்கட்டையாக இறுகி, கடும் ஜுரம் வந்து, உயிருக்கே மோசம் வரலாம். வேறு ஏதாவது நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேரும்போதுதான் இந்த மாத்திரை மறந்துபோகிறது. கூட இருப்பவர்தான் ஞாபகமாகச் சொல்ல வேண்டும்.

வருஷங்கள் ஆக ஆக மாத்திரையின் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். சில சமயம் உடம்பு தானாக நெளியும். டாக்டர் அளவை மாற்றி, வேளையைப் பிரித்துக் கொடுப்பார். டோபமைனைப் போலவே நடித்து வேலை செய்யும் வேறு வகை மாத்திரைகளும் உண்டு. அவற்றைச் சாப்பிடும் சிலருக்குச் சூதாட்ட ஆசையோ, கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் வெறியோ உண்டாகலாம். சந்தோஷம், ஆசை ஆகிய உணர்ச்சிகளிலும் டோபமைனுக்குப் பங்கு உண்டு என்பதே காரணம். ஒழுங்காக வாழ்ந்த பெரியவர் திடீரென்று லாட்டரி, சீட்டாட்டம் என்று இறங்கினால் திட்டுவதற்கு முன்பு டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாந்தி, தலைசுற்றல், மனநோய் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தை உண்டாக்கும். அதனால் முதல் முறை டாக்டரிடம் போகும்போது, சாப்பிட்டு வரும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். திருக்கோவிலூர், கல்வராயன் மலைப் பக்கத்தவர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் நரம்பியல் பிரிவுகள் உண்டு.

பூனைக்காலிப் பொடி சாப்பிடலாமா?

"விதையிலேயே மருந்து இருக்கிறதே! பொடி செய்து சாப்பிட்டால் என்ன?" என்று கேட்கத் தோன்றும்.

விஞ்ஞானிகளும் இதைக் கேட்டார்கள். 2004-ல் லண்டன் நரம்பியல் ஆஸ்பத்திரியில் 8 நோயாளிகளுக்குப் பூனைக்காலிப் பொடி கொடுத்துச் சோதித்தார்கள். மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. அதிக நேரம் நீடித்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் நம்பிக்கை ஊட்டுகிற முடிவு.

அதற்காகக் கடையில் வாங்கி இஷ்டம் போல விழுங்கக் கூடாது. ஒரு விதையில் இருக்கும் டோபா இன்னொரு விதையில் இருக்காது. மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் அளவு எக்கச்சக்கமாகிவிடும். புத்தி பேதலிக்கவும் கூடும்.

1989-ல் ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டில் பஞ்சம். ஜனங்கள் இந்த விதையைச் சாப்பிட்டார்கள். வழக்கமாக வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். அப்போது தண்ணீருக்கும் பஞ்சம். கொட்டாமல் சாப்பிட்டவர்களில் பலருக்குச் சித்தம் கலங்கியது. நம் தென்மலைகளில் வாழும் காணிக்காரர்கள் இந்த விதையைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். டோபா என்ற பெயர் தெரியாமலே அதை நீக்கக் கற்றுக்கொண்டார்கள்!

தரையில் ஒரு கோடு

நடக்கும்போது கால் ஒட்டிக்கொள்கிறது என்று தொடக்கத்தில் சொன்னோம் அல்லவா? அதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் உண்டு. காசு செலவில்லை.

தரையில் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். "இந்தக் கோட்டைத் தாண்டுங்கள்" என்று சொல்லுங்கள். நின்றுபோன கால் தாண்டிவிடும்! சமதரையில் தடுமாறுகிறவர் மாடிப்படியில் தாராளமாக ஏறுவதைப் பார்க்கலாம். பழக்கத்தால் தானாக நடக்கிற நடைக்குத்தான் டோபமைன் அதிகம் வேண்டும். கண்ணால் பார்த்துக் கவனித்து வைக்கிற அடிக்கு மூளை வேறு பாதையைப் பயன்படுத்திக்கொள்ளும். தாளம் போட்டாலும், "ஒன்று, இரண்டு" என்று எண்ணினாலும் சிலருக்குக் கால் வரும்.

கூடத்திலிருந்து குளியலறை வரை ஓரடிக்கு ஒரு கோடாகக் கோலமாவால் வீட்டுப் பெண்கள் போட்டு வைக்கலாம். தினமும் நடை, கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி ஆகியவை மாத்திரைக்குச் சமமான மருந்து. பின்னாலிருந்து தள்ளுவதும் இழுப்பதும் கூடாது. விழுந்துவிடுவார்.

சட்டை வாசனை சொன்ன சேதி

நோய் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே சில அறிகுறிகள் தோன்றுகின்றன. மூக்குக்கு வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவு கண்டு கத்துவது, பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பது ஆகியவை. இவை இருக்கும் எல்லோருக்கும் பார்க்கின்சன் வந்துவிடாது. பயப்பட வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் ஜாய் மில்ன் என்று ஒரு நர்சு. கணவரின் உடம்பில் புதிதாக ஒரு கஸ்தூரி வாடை வீசுவதைக் கவனித்தார். "சரியாகக் குளியுங்கள்" என்று சண்டை போட்டார். பத்து வருஷத்துக்கு மேல் கழித்துக் கணவருக்குப் பார்க்கின்சன் என்று தெரிந்தது. பிறகு நோயாளிகள் கூடும் இடத்துக்கு அவரோடு போனபோது திடுக்கிட்டார். அங்கே எல்லோரிடமும் அதே வாடை!

எடின்பரோ விஞ்ஞானிகள் அவரைச் சோதித்தார்கள். 12 பேர் அணிந்த சட்டைகளைக் கொடுத்தார்கள். ஆறு நோயாளிகளுடையவை. ஆறு நோயற்றவர்களுடையவை. அந்த அம்மாள் முகர்ந்து பார்த்து, ஏழு பேருக்கு நோய் என்றார். ஆறு சரி. ஏழாவது ஆள் நோயில்லாதவர். "ஒன்று தப்பு" என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாதம் கழித்து அந்த ஏழாவது ஆள் வந்து, தமக்குப் பார்க்கின்சன் இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார் என்றார்! தோலின் எண்ணெய்ப் பசையில் அந்த வாடைக்குக் காரணமான பொருள்களை மான்செஸ்டர் விஞ்ஞானிகள் தேடி அடையாளம் கண்டார்கள்.

கறுப்பு அணுக்கள் ஏன் அழிகின்றன? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. "ஆல்ஃபா சைனுக்ளின்" என்ற புரதம் அணுக்களுக்குள் கட்டி கட்டியாகச் சேர்கிறது. சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிறது. பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளோடு தொடர்பு உண்டு என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. வயலில் மருந்து அடிப்பவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் இறங்குவது நல்லதல்ல.

அழிந்த அணுக்களுக்குப் பதில் புது அணுக்களை நட முடியுமா? ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழக டாக்டர்கள் 2018 முதல் இதைச் செய்து பார்த்தார்கள். சாதாரண மனித அணுவைப் பக்குவப்படுத்தி, டோபமைன் சுரக்கும் அணுவாக வளர்த்து, ஏழு நோயாளிகளின் மூளைக்குள் வைத்தார்கள். 2025 ஏப்ரல் மாதம் முடிவு வெளியாயிற்று. வைத்த அணுக்கள் பிழைத்திருந்தன. டோபமைன் சுரந்தன. பெரிய கெடுதல் எதுவும் இல்லை. அசைவில் பலன் தெரிகிறதா என்று அளந்து பார்த்தது ஆறு பேரை. மருந்து சாப்பிடாத நேரத்திலும் முன்பைவிட நன்றாக அசைய முடிந்தவர்கள், அந்த ஆறில் நான்கு பேர்.